மொரீஷியஸ் வந்து எடை போட்டவர்கள் சர்க்கரை வருமுன் செய்ய வேண்டியவை

வேலைக்காக இந்தத் தீவில் இறங்கியபோது நான் 73 கிலோ. நாலு வருடத்தில் 84 ஆனேன். உயரம் 168 செ.மீ. கம்பெனி சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தேன். வெறும் வயிற்றில் 6.3 என்று தாள் வந்தது. ஊரில் அப்பாவின் சீட்டுகளில் 140, 180 என்றே பார்த்துப் பழகிய கண். 6.3 என்றதும் ‘அடேயப்பா, இவ்வளவு கம்மியா’ என்று தாளை மடித்து டிராயரில் போட்டேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. முழங்கால் வலிக்காகப் பார்த்த ஒரு டாக்டர்தான் அதைக் கையில் வாங்கி, பின்பக்கத்தில் 6.3 × 18 என்று எழுதி, கீழே 113 என்று போட்டுக் காட்டினார். இங்கே கணக்கு மில்லிமோலில்; நம் ஊரில் மில்லிகிராமில். அந்த 113 சர்க்கரை நோய்க்கு முந்தைய படி.

எட்டு மாதம் வீணானது எனக்கு இன்றும் எரிச்சல்தான். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது எடை கூடியவர்களுக்கு, இன்னும் சர்க்கரை வராதவர்களுக்கு. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும்.

1. முதலில் அளவு நாடா

தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை வெளியே விட்டபின் பாருங்கள். தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும். பேன்ட் அளவை நம்பாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொள்ளும். என் பேன்ட் 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. நாடா சொன்னது 101.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை) கணக்கிலும் நமக்குக் கோடு வேறு. உலகம் முழுக்க 25 என்று சொல்வார்கள். ஆசியர்களுக்கு 23லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. நான் 84 கிலோவில் 29.8. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும் கொழுப்பு இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சில வருடம் ஈடுகட்டும், அப்புறம் களைத்துவிடும். அந்தச் சில வருடம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம்.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யாருக்காவது இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ, நாடா என்ன சொன்னாலும் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி அல்லது வசிப்பு அனுமதியின் நகல் (குடிமக்கள் என்றால் அடையாள அட்டை), காப்பீட்டு அட்டை, ஊரில் எடுத்த பழைய ரத்தப் பரிசோதனைகள், இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல். மாத்திரைக்குக் கம்பெனி வைத்த பெயர் இங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள்.

அரசு மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம். கல்யாணமாகி இங்கே வந்தவர்கள், வேலை அனுமதியில் வந்தவர்கள் தங்களுக்கு என்ன உண்டு என்பதை ஹெச்.ஆரிடமோ சுகாதார நிலையத்திலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் நல்லது. பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள், ஒரு மணி நேரம் உட்காரத் தயாராகப் போங்கள்.

காப்பீட்டில் இரண்டு பொறிகள். ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் இல்லாமல் நீங்களாக ஆய்வகம் போனால் பணம் திரும்ப வராது என்பது என் பாலிசியின் விதி. எனக்குத் தெரியாது, முதல் பில் என் தலையில் விழுந்தது. இரண்டு, புதிய பாலிசி எடுக்கும்போது ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற கட்டம் வரும். சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று தாளில் வந்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பெரிய செலவு வரும் நாளில் கைவிடுவார்கள்.

3. எந்தச் சோதனை, எப்போது

மூன்று சோதனைகள் உண்டு. மூன்றும் ஒரே நாளில் வேண்டாம்; எது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் எண்களை நீங்களே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் வயிற்றுச் சோதனை: குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. 5.6 மில்லிமோலுக்கு (100 மில்லிகிராம்) கீழே இருந்தால் சரி. 5.6லிருந்து 6.9 வரை முந்தைய நிலை. 7.0லிருந்து (126) சர்க்கரை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். இங்கே ஒரு சிக்கல்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முந்தைய நிலை 6.1லிருந்துதான் தொடங்குகிறது. அதனால் 5.8 வாங்கியவருக்கு ஒரு ஆய்வகம் ‘இயல்பு’ என்று அச்சடிக்கும், இன்னொன்று நட்சத்திரக்குறி போடும். அச்சை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

எச்பிஏ1சி: கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி. சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம். 5.7லிருந்து 6.4 சதவீதம் வரை முந்தைய நிலை, 6.5லிருந்து சர்க்கரை. ரத்தசோகையோ தலசீமியாவோ இருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டும். அப்படி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பது: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். 7.8லிருந்து 11.0 வரை முந்தைய நிலை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை காலை ஆறு மணிக்குப் பால் விட்ட வனிலா டீ ஒன்று குடித்துவிட்டு, ‘டீதானே’ என்று எட்டு மணிக்கு ஊசிக்குக் கை நீட்டினேன். அந்தச் சோதனை குப்பை. டீயும் உணவுதான்.

விலை ஆய்வகத்துக்கு ஆய்வகம் நன்றாகவே மாறும். போன் போட்டு மூன்று இடத்தில் கேளுங்கள். பாக்கேஜ் என்று இருபது சோதனையைக் கட்டிக் கொடுப்பார்கள்; உங்களுக்கு இப்போது தேவை இந்த ஒன்றிரண்டும், கொழுப்புச் சோதனை ஒன்றும்.

4. ஏழு நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

இதைச் செய்யாமல் நேராகச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நான் சத்தியம் பண்ணியிருப்பேன், நான் அதிகம் சாப்பிடுகிறவன் இல்லை என்று. எழுதிப் பார்த்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது:

காலை ஏழு, வெண்ணெய் தடவிய திப்பேன் (பிரெஞ்சு ரொட்டி) ஒன்று, டீ. பத்தரை, ஆபீஸ் வாசலில் தால்பூரி (உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) ஒரு ஜோடி. பன்னிரண்டரை, டப்பாவில் சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு. நாலு மணி, டீ, இன்னொரு திப்பேன், நடுவில் கத்தோ பிமா (நம்ம பருப்பு வடையின் தம்பி) மூன்று. ஏழு, பசிக்கு பிஸ்கட். ஒன்பதரை, சாதம், மீன் குழம்பு, அப்பளம்.

இனிப்பு என்று எதுவுமே இல்லை. பக்கத்து வீட்டுத் தாந்தினிடம் காட்டினேன். (இங்கே அத்தை, பெரியம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நான் படித்துச் சொன்னேன். “திப்பேன், தால்பூரி, திரி, திப்பேன், திரி,” என்று விரல் மடித்தார். திரி என்றால் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் அரிசி, சாதம். “காய் எங்கே?” என்றார்.

எழுதும்போது நேரத்தையும் எழுதுங்கள், குடிப்பதையும் எழுதுங்கள். நண்பர் தட்டிலிருந்து எடுத்ததும் கணக்குதான்.

5. குடிப்பதை முதலில் நிறுத்துங்கள்

இது சுலபம், காசும் மிச்சம். 330 மில்லி கோலா டின் ஒன்றில் சாதாரணமாக 35 கிராம் சர்க்கரை இருக்கும். குடித்த சர்க்கரை வயிற்றை நிரப்பாது, ரத்தத்தில் மட்டும் வேகமாக ஏறும். ‘நான் கோலாவே தொடமாட்டேன்’ என்று இருந்தவன் நான். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கூட்டிப் பாருங்கள், அதே டின்தான்.

கடையில் சொல்ல இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். ‘சான் திசிக்’ என்றால் சர்க்கரை இல்லாமல். ‘பா மெத் திசிக்’ என்றால் சர்க்கரை போடாதே. டீயில் ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

பொறிகள்: இந்தத் தீவின் பழுப்புச் சர்க்கரை நல்ல மணம்தான், ஆனால் ரத்தத்துக்கு வெள்ளையும் பழுப்பும் ஒன்றே. வெல்லமும் அப்படியே. மாம்பழமும் லிச்சியும் பழமாகச் சாப்பிட்டால் அளவோடு நிற்கும், ஜூஸாக அடித்தால் நாலு பழம் ஒரே மடக்கில் போய்விடும். அலுடா என்ற பால் பானத்தில் சப்ஜா விதை குளிர்ச்சி என்று சொல்லிக் குடிப்பவர்கள் அதில் ஊற்றும் சிரப்பையும் பார்க்க வேண்டும்.

6. மாவு மேல் மாவு அடுக்காதீர்கள்

இதுதான் எனக்கு உண்மையான திருப்பம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நம் ஊரிலும் சாதம் சாப்பிட்டோம். இங்கே வந்தபின் சாதம் அப்படியே இருக்க, அதன் மேல் பிரெஞ்சுக்காரர் ரொட்டியும் தால்பூரியும் வந்து சேர்ந்துகொண்டன. வெள்ளை ரொட்டி 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சாதத்தில் 45. என் செவ்வாய்க்கிழமையில் ஐந்து முறை இது வந்தது. ஒவ்வொரு முறையும் இன்சுலின் எழுந்து ஓட வேண்டும், உட்கார நேரமே இல்லை.

நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு வேளைக்கு ஒரு மாவு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, நடுவில் மாவு கிடையாது. தால்பூரி தின்னும் நாளில் அதுதான் மதியச் சாப்பாடு. டப்பாவில் சாதம் போகாது. தால்பூரியை விடச் சொல்லவில்லை, அதை விட்டுவிட்டு இந்த ஊரில் எப்படி இருப்பது? உள்ளே பருப்பும் இருக்கிறது. ஆனால் இரண்டு ஜோடி வேண்டாம், கூட அவரைக் கறி கொஞ்சம் அதிகமாகக் கேளுங்கள்.

நாலு மணிப் பசிக்குக் கத்தோ பிமாவை ரொட்டி இல்லாமல் இரண்டு தின்கிறேன். எண்ணெய் உண்டு, தினமும் வேண்டாம். மற்ற நாளில் வேகவைத்த கடலை, ஒரு முட்டை, ஒரு கொய்யா.

தட்டில் வரிசையும் முக்கியம். முதலில் காயும் கீரையும், அப்புறம் பருப்போ மீனோ முட்டையோ, கடைசியில் சாதம். அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழம்பு ஊற்றிப் பிசைந்து பழகிய நமக்கு இது கொஞ்சம் அவஸ்தை. நான் கண்ட வழி, சமையலறையிலேயே நின்றுகொண்டு ஒரு கிண்ணம் கீரையைத் தின்றுவிட்டு அப்புறம் தட்டோடு உட்காருவது. மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

கீரைக்கு இங்கே பஞ்சமே இல்லை. சந்தையில் ‘ப்ரெத்’ என்று கேளுங்கள். ‘ப்ரெத் மல்பார்’ நம்ம தண்டுக்கீரை வகை. ‘ப்ரெத் மூரும்’ முருங்கைக்கீரையேதான். சூசூ என்று ஒரு காய் குவிந்திருக்கும், அது நம்ம சௌசௌ. பாகற்காயின் பெயர் மார்கோஸ். கறி செய்து சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் தினமும் மார்கோஸ் சாறு குடித்துவிட்டு மூன்று திப்பேன் தின்பவரை எனக்குத் தெரியும். சாறு குடித்த தைரியத்தில் சோதனைக்கே போகாமல் இருக்கிறார்.

7. இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுங்கள்

ஒரே சாதத்தைக் காலையில் சமாளிப்பது போல உடம்பு இரவில் சமாளிப்பதில்லை. இன்சுலினின் வேகம் இரவில் குறைவு. ஒன்பதரை மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன். அதுவே ஏழு மணி பிஸ்கட்டையும் ஒழித்தது. முடியாத நாளில், ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே கடலை தின்றுவிட்டு, வீட்டில் இரவு சூப்பும் முட்டையும்.

மெதுவாக மெல்லுங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், வீட்டுக்குள்ளேயே என்றாலும் சரி. வாரத்தில் மொத்தம் 150 நிமிட வேக நடை இலக்கு. குயூர்ப்பீப் பக்கம் இருப்பவர்களுக்கு த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி நல்ல பாதை; ஜூனில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இலக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், முந்தைய நிலையில் இருந்த எடை கூடியவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் 150 நிமிட நடையும் இலக்காக வைத்தார்கள், சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில் சாப்பாடும் நடையும் மாற்றியவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. சென்னைக்காரர்களுக்குப் பெரிதாக எடை இறங்கவில்லை, ஆனாலும் பலன் இருந்தது. எடை மெஷின் நகரவில்லை என்று நடுவில் விட்டுவிடாதீர்கள்.

8. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

பழுப்பரிசி, கினோவா, ‘டயபெடிக்’ பிஸ்கட், சர்க்கரையில்லா சாக்லேட்: வேண்டாம். நான் முதல் மாதம் இதில் கொட்டிய பணத்துக்கு நல்ல ஷூ வாங்கியிருக்கலாம். டயபெடிக் பிஸ்கட்டிலும் மாவு மாவுதான். இருக்கிற வெள்ளை அரிசியைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கறுப்புப் பயறும் துவரையும் போடுங்கள், செலவு இறங்கும். ஊரிலிருந்து ராகி மாவு வரவழைத்துக் கூழ் காய்ச்சுபவர்களே, நைசாக அரைத்த ராகிக் கூழும் வேகமாக ஏறும்; களியாக, கீரையோடு, கொஞ்சமாக.

காய்க்கு காத்ர் போர்ன் சந்தை எனக்கு வசதி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் கடைக்காரர்கள் விலையை இறக்குவார்கள், கீரை மட்டும் வாடியிருக்கும்.

குளுக்கோமீட்டர் (வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மெஷின்) முந்தைய நிலையில் எல்லோருக்கும் தேவையில்லை. வாங்கினால் மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ரத்தத் துளி வைக்கும் பட்டையின் விலையைக் கேளுங்கள்; மாதாமாதம் காசு அதில்தான் போகும். அந்தப் பட்டை உங்கள் ஊர்ப் பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மெஷினில் மில்லிமோலா மில்லிகிராமா என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

9. நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குங்கள்

டிசம்பரில் தொடங்காதீர்கள். போனஸ், ஆபீஸ் விருந்து, லிச்சி, புது வருடம். நான் ஒரு முறை முயன்று இரண்டு கிலோ ஏறினேன். பிப்ரவரி நடுவில், தைப்பூசக் காவடி முடிந்தபின், அல்லது குளிர்கால ஜூனில் தொடங்கினால் மூன்று மாதம் தடையில்லாமல் ஓடும்.

காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்து நாள் சைவம் என்றால் எடை தானாக இறங்கும் என்று நினைப்போம். மீன் போன இடத்தில் உருளைக்கிழங்கும் பொரித்ததும் பாயசமும் வந்தால் கணக்கு ஏறும். விரதத்திலும் பருப்பு, கடலை, தயிரை விடாதீர்கள். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது ஒரு சின்ன உபாயம்: கிரியோலில் ‘திகித் திரி’ என்றால் கொஞ்சம் சாதம். சாதம் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வந்தபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

10. மறு சோதனை

எச்பிஏ1சியைத் தொடங்கி மூன்று மாதம் ஆகும் முன் மறுபடி எடுக்காதீர்கள். பழைய சர்க்கரையும் சேர்ந்து காட்டி உங்களைச் சோர வைக்கும், காசும் போகும். முதல் தாள் எடுத்த ஆய்வகத்திலேயே எடுங்கள். இடையில் அதிகத் தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது, கண் மங்கல் என்று எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே போங்கள். டாக்டர் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினால் பயந்து மறுக்க வேண்டாம், காரணம் கேளுங்கள். எழுதியதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

என் எச்பிஏ1சி தொடக்கத்தில் 6.1. மூன்றாம் மாதம் 6.0, அன்று இரவு கோபத்தில் ஒரு பெரிய பிரியாணி. ஏழாம் மாதம் 5.8, வெறும் வயிற்றில் 5.7, எடை 78.5, நாடாவில் 94. இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறேன். அடுத்த தேதியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் ‘டீ குடிக்காதே’ என்று மனைவி சிவப்பில் எழுதியிருக்கிறாள்.